ஆறடியில் ஒரு மஞ்சள் கோடு

போன மாதம் ஹேமா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த பெண். கண் மருத்துவ உதவியாளர். வந்தவள் காபியைக்கூடத் தொடாமல் செல்போனை என் முன்னால் நீட்டினாள். சின்னக் குழந்தைகளின் கண் பரிசோதனைக்குப் புதிய படிவமாம். காகிதமே வேண்டாம், விரலால் தட்டினால் போதுமாம். முதல் கேள்வியே இதுதான்: குழந்தை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் டி.வி., செல்போன் பார்க்கிறது?

"உங்க காலத்துல இதெல்லாம் கேட்டிருக்க மாட்டீங்க இல்ல, மேடம்?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. டி.வி.யைப் பற்றிப் பேசினேன் அம்மா, நன்றாகவே பேசினேன். அதோடு எழுந்து வந்ததால்தான் வடக்குப்பட்டில் மூன்றரை வயதுப் பெண் குழந்தைக்கு ஒரு கண் போனது. அன்றைக்கு அவளிடம் முழுவதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது காபி ஆறி ஏடு கட்டியிருந்தது. எழுதிக் கொடுங்கள் என்று அவள் நச்சரித்ததால் எழுதுகிறேன். என்னைப் பற்றி நல்லதாக எழுத இதில் அதிகம் இல்லை.

பயிற்சிக் காலத்தை நாலு வரியில் முடித்துவிடலாம். சென்னையில் இரண்டு வருடம். கண்ணின் படத்தை வரைந்து வரைந்து பென்சில் தேய்ந்தது. பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மாற்றலாகி வந்தேன். தண்டலம், ஒரகடம், வடக்குப்பட்டு என்று பாதி பஸ்ஸும் பாதி நடையுமாகச் சுற்றினேன். ஜனங்கள் என்னைக் கண்ணு டாக்டரம்மா என்றார்கள். நான் டாக்டர் இல்லை என்று ஆறு மாதம் திருத்திப் பார்த்துவிட்டு, பிறகு விட்டுவிட்டேன். விட்டதில் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது.

அந்தக் கனத்தை அவ்வப்போது இறக்கி வைக்க டாக்டர் பத்மாசனி இருந்தார். ஸ்ரீபெரும்புதூரில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். அரசு மருத்துவமனையில் கண் மருத்துவர், எனக்கு மேலதிகாரி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்புச் செய்தால் "மறுபடியும்" என்பார். அவ்வளவுதான். வரிசையில் அறுபது பேர் நின்றாலும் மறுபடியும்தான். திட்டிவிட்டால்கூடத் தேவலை என்று இருக்கும்.

படிக்கத் தெரியாத குழந்தையின் பார்வையை எப்படிச் சோதிப்பது என்பதை அவரிடம்தான் கற்றேன். உள்ளங்கையில் நாலு ஜீரக மிட்டாயை வைத்து நீட்ட வேண்டும். குழந்தை பார்த்துப் பொறுக்குகிறதா, தடவித் தேடுகிறதா என்று கவனிக்க வேண்டும். டார்ச்சை நேராக முகத்தில் அடிக்கக் கூடாது. காதுப் பக்கத்திலிருந்து மெதுவாகக் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் விழியின் வெள்ளைப் பகுதியில் காய்ந்த இடமோ, சோப்பு நுரை ஒட்டியது போன்ற திட்டோ இருந்தால் தெரியும். அது தெரிந்தால் உடம்பில் வைட்டமின் ஏ சத்து வற்றிவிட்டது என்று அர்த்தம். விட்டால் கண்ணே இளகிப் போய்விடும்.

அதற்குப் பிறகு தாயிடம் மூன்று கேள்விகள். நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை குழந்தை என்னென்ன சாப்பிட்டது? எதைப் பார்க்க ரொம்பக் கிட்டத்தில் போகிறது? பொழுது சாய்ந்த பிறகு எப்படி நடக்கிறது?

"நல்லா சாப்பிடுதான்னு கேக்காதே. எந்த அம்மாவும் இல்லைன்னு சொல்ல மாட்டா. நேத்திக்கு என்ன சாப்பிட்டதுன்னு கேளு" என்பார் டாக்டர். மூன்று பதிலும் நோட்டில் வரவேண்டும். மாதக் கடைசியில் அந்த நோட்டை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் பார்ப்பார்.

நான் வந்த வருடங்களில்தான் அந்தப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் வந்தன. தெற்கத்திப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். உள்ளூர்க்காரர்கள் தோட்டத்தை அழித்து வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார்கள். பத்துக்குப் பத்து அறை. ஒரு கதவு, ஒரு ஜன்னல். தனி ஆட்கள் தங்கிய அறைகளில் கல்யாணம் ஆனவர்கள் மெல்லக் குடும்பத்தையும் கூட்டிவந்தார்கள்.

அந்த வரிசைகளில் பகலில் நடந்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஜன்னல்களில் எல்லாம் அட்டை. தொழிற்சாலைக்கு உதிரிப் பாகங்கள் வரும் அட்டைப் பெட்டியைப் பிரித்து, இடுக்கு விடாமல் பிளாஸ்டர் ஒட்டியிருப்பார்கள். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவன் பகலில் தூங்க வேண்டும் அல்லவா? அட்டை ஒட்டிய ஜன்னலுக்குள் ஒரு குடும்பமே ராத்திரியில் வாழ்ந்துகொண்டிருக்கும். அதை நான் தினமும் பார்த்தேன். பார்த்துப் பார்த்து அது எனக்குச் சாதாரணமாகிவிட்டது.

இரண்டாயிரத்துக்கு ஒன்றிரண்டு வருடம் கழித்து என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்குப்பட்டு பால்வாடி ஆயா ஒருநாள் என்னிடம் சொன்னார்: "மல்லிகாம்மா காம்பவுண்ட்ல புச்சா ஒரு குடும்பம் வந்து கீது. அந்தப் பொண்ணு டி.வி. மேலயே மூஞ்ச வச்சிக்கினு கீது. ஒரு வாட்டி பாத்துட்டுப் போ."

காலை பதினொரு மணிக்குப் போனேன். பேச்சியம்மாள் கதவைப் பாதி திறந்து, வாயில் விரலை வைத்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். உள்ளே அவள் புருஷன் சுடலைமுத்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஆளைக் கண் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. அறையில் வெளிச்சம் என்றால் ஒரு சின்னப் பழைய டி.வி.தான். சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் தூரத்தில் குழந்தை இசக்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் டீ, பாதி பன்.

"எப்பமும் இப்படித்தாம்மா. தள்ளி உக்காருட்டின்னா கேக்க மாட்டேங்கா" என்று பேச்சியம்மாள் கிசுகிசுத்தாள்.

"சாப்பிடுதா?" என்று நானும் கிசுகிசுத்தேன்.

"நல்லா சாப்பிடுதா" என்றாள் அவள்.

டார்ச்சை எடுத்தேன். பக்கவாட்டில் கொண்டுவர நகர்ந்தால் படுத்திருப்பவன் காலை மிதிக்க வேண்டும். நேராக அடித்தேன். குழந்தை முகத்தைச் சுளித்துச் சிணுங்கியது. சுடலைமுத்து புரண்டு, "என்னட்டி சத்தம்?" என்றான். பேச்சியம்மாள் முகம் வெளிறியது. நான் டார்ச்சை அணைத்துவிட்டேன்.

வாசலுக்கு வந்து, காரணம் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினேன். "புள்ளைக்குக் கண்ணு வேணுமா, டி.வி. வேணுமா? ஆறடி தள்ளி உக்கார வை. அதுக்குள்ள வரவே கூடாது." அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். மூன்றாவது கேள்வியை நான் கேட்கவே இல்லை. பகலிலேயே இருட்டாக இருக்கும் வீட்டில் பொழுது சாய்வதைப் பற்றி என்ன கேட்பது என்று நினைத்தேன். உண்மையில் அதைக்கூட நினைக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன்: "டி.வி.யை மிக அருகில் பார்க்கும் பழக்கம். ஆறடி தள்ளி உட்கார அறிவுரை."

பத்து நாள் கழித்து ஒரகடம் பஸ் நிறுத்தத்தில் பேச்சியம்மாள் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். கையில் டீக்கடைத் தூக்கு. முகமெல்லாம் சிரிப்பு. சுடலைமுத்து தொழிற்சாலையிலிருந்து மஞ்சள் டேப் கொண்டுவந்தானாம். அங்கே ஆட்கள் நடக்கிற பாதைக்கும் மிஷினுக்கும் நடுவில் தரையில் ஒட்டுகிற டேப். அதைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சட்டம். டி.வி.யிலிருந்து ஆறடி அளந்து வீட்டுத் தரையில் ஒட்டிவிட்டானாம்.

"கோட்டத் தாண்ட மாட்டேங்காம்மா இப்பம். அவிய அப்பா சொன்னா கேப்பா. ஆனா அங்கன உக்காந்துக்கிட்டு டி.வி.ய பாக்கவும் மாட்டேங்கா, சும்மா அழுதா. எந்திரிச்சா தண்ணிக் கொடத்துல போய் முட்டிக்கிடுதா."

"பழகிடும், பழகிடும்" என்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

இன்றைக்கும் அந்த இரண்டு வார்த்தை ஞாபகம் வந்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வரும். பார்வையைச் சோதிக்கச் சம்பளம் வாங்குகிறவளிடம் ஒரு தாய் ஓடி வந்து, என் பிள்ளை குடத்தில் முட்டிக்கொள்கிறது என்று சிரித்தபடி சொல்கிறாள். நான் பழகிடும் என்று சொல்லிவிட்டு ஜன்னல் ஓர சீட் பிடிக்கிறேன்.

மாதக் கடைசி வந்தது. மதியம் இரண்டு மணி வாக்கில் டாக்டர் பத்மாசனி என் நோட்டை வாங்கி விரலை ஓட்டினார். வடக்குப்பட்டு வரியில் விரல் நின்றது.

"மூணாவது கேள்வி எங்கே?"

"அந்த வீட்டுல பகல்லயே இருட்டு, மேடம். அப்பா நைட் ஷிப்ட். ஜன்னல்ல அட்டை ஒட்டியிருக்காங்க."

"முதல் கேள்வி?"

"நல்லா சாப்பிடுதுன்னாங்க."

சொல்லும்போதே என் குரல் இறங்கியது. டாக்டர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"இருட்டு ரூம். அதுல வெளிச்சம் எது?"

"டி.வி. மட்டும்தான்."

"அப்போ குழந்தை எதுக்கு டி.வி. பக்கத்துல போய் உட்காரறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இசக்கி படம் பார்க்கப் போகவில்லை. கண் தெரிகிற இடத்துக்குப் போயிருக்கிறாள். மங்கல் வெளிச்சத்தில் அவளுக்குப் பார்வை இல்லை. மாலைக்கண். அந்த டி.வி.யை ஒட்டிய ஒரு சாண் இடம் மட்டும்தான் அவளுக்கு உலகம். அங்கிருந்து ஆறடி தள்ளி உட்கார வைக்கச் சொன்னது நான். பன்னும் டீயும், முட்டிக்கொண்ட குடமும் வரிசையாக ஞாபகம் வந்தன. குடத்தைப் பற்றி டாக்டரிடம் சொன்னேன்.

அவர் எழுந்து அலமாரியிலிருந்து பழுப்பு நிறப் பாட்டிலையும் அதன் கரண்டியையும் எடுத்தார். வைட்டமின் ஏ திரவம். எண்ணெய் மாதிரிக் கெட்டியாக இருக்கும். பால்வாடிகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுப்போம். ஊர் மாறி வந்த குழந்தை என்பதால் இவள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

"இப்பவே போ. முழுக் கரண்டி, வாயில. கண்ணு மூடியிருந்தா இமையை அழுத்தாதே. புருவ எலும்பு மேல கட்டைவிரலை வச்சு, தோலை மட்டும் மேல இழு. விழி மேல துளி பாரம் விழுந்தாலும் உடைஞ்சுடும். எனக்காக எதையும் சோதிக்க வேண்டாம். தூக்கிண்டு வந்துடு. எத்தனை மணியானாலும் நான் இங்கேதான் இருப்பேன்."

வடக்குப்பட்டில் இறங்கும்போது நாலரை மணி. மல்லிகாம்மாள் காம்பவுண்டுக்குள் ஓட்டமும் நடையுமாகப் போனேன். சுடலைமுத்து வீட்டு வாசலைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. நிலையில் வேப்பிலை செருகியிருந்தது.

அம்மை. மணல்வாரி அம்மை, தட்டம்மை என்பார்களே அது. சத்து வற்றிய கண்ணுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. மிச்சம் இருப்பதையும் இரண்டே நாளில் தின்றுவிடும்.

கதவருகே வீட்டுக்காரம்மாள் மல்லிகா நின்றிருந்தார். கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு. என்னைப் பார்த்ததும் குறுக்கே வந்தார்.

"இன்னாம்மா, வேப்பல சொருவி கீது, கண்ணு தெர்ல? ஆத்தா வந்து கீறா. வெளி ஆளு பூரக் கூடாது. தலைக்குத் தண்ணி ஊத்தி மூணு நாள் கயிச்சி வா."

"கொழந்த கண்ணத் தெறக்குதா?"

"அம்மையில எந்தக் கொழந்த கண்ணத் தெறக்கும்? எல்லாம் தண்ணி ஊத்துனா தெறக்கும்."

பேச்சியம்மாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை என்றாள். வலது கண்ணிலிருந்து தண்ணீர் வடிகிறது என்றாள். சுடலைமுத்து எழுந்து உட்கார்ந்திருந்தான். ஆறு மணிக்கு அவனுக்குக் கம்பெனி பஸ்.

மருந்து என்றால் விட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவசரத்தில் சாமர்த்தியம் என்று நினைத்து ஒரு பொய் சொன்னேன். "மருந்து இல்லம்மா. வெறும் எண்ணெய். ஒரு கரண்டி வாயில ஊத்தணும், அவ்ளோதான்."

மல்லிகாம்மாள் சொம்பைக் கீழே வைத்தார். "எண்ணெயா? அம்ம போட்ட வூட்ல நாங்க கடுகு கூடத் தாளிக்கறது இல்ல. எண்ணெய எட்த்துக்கினு வந்து கீறியா நீ? போம்மா வெளிய!" பக்கத்து அறைகளிலிருந்து நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். பேச்சியம்மாளே பயந்துபோய் கதவைச் சாத்தப் பார்த்தாள்.

இத்தனை வருடம் அந்த ஊர்களில் நடந்தும் அம்மை வீட்டில் எண்ணெய் ஆகாது என்பதை மறந்து உளறிவிட்டேன். இனி என்ன சொல்லி உள்ளே போவது? மணி ஓடிக்கொண்டிருந்தது. கதவிடுக்கில் கையை வைத்தேன். அதற்குமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

"சுடலைமுத்து, இங்க பாருப்பா. ஒம் பொண்ணுக்கு அம்மைக்கு முன்னாடியே கண்ணு மங்கிப் போச்சு. அதனாலதான் டி.வி. கிட்டப் போயிருக்கா. போன தடவை வந்தப்ப நான் அதைக் கண்டுபிடிச்சிருக்கணும். கேக்க வேண்டியதைக் கேக்காம, டி.வி.மேல பழியப் போட்டுட்டுப் போயிட்டேன். தப்பு என்னோடது. இது மருந்துதான். இதைக் குடுக்காம விட்டா ரெண்டு கண்ணும் போயிடும்."

அவன் எழுந்து கதவருகே வந்தான். பெரிய ஆள் இல்லை, இருபத்தைந்து வயதுப் பையன்தான். தூக்கம் கெட்டுக் கெட்டுக் கண் சிவந்திருந்தது.

"அப்பம் அன்னைக்கே பாத்திருந்தியள்னா?"

"ரெண்டு கண்ணும் நல்லா இருந்திருக்கும்."

அடித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் கதவை முழுதாகத் திறந்துவிட்டு நகர்ந்தான்.

கதவு திறந்ததில்தான் அந்த அறைக்குள் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. பாய்க்குப் பக்கத்தில் தரையில் மஞ்சள் டேப் பளிச்சென்று தெரிந்தது. குழந்தையை மடியில் போட்டு, டாக்டர் சொன்னபடி புருவ எலும்பில் விரல் வைத்து இமைத் தோலை இழுத்தேன். இடது கண்ணில் கருவிழி பளபளப்பில்லாமல், தூசி படிந்த கண்ணாடி போல இருந்தது. வலது கண்ணைப் பார்த்துவிட்டு உடனே விட்டுவிட்டேன். சாம்பல் நிறமாகி நடுவில் இளகியிருந்தது. கரண்டி நிறைய மருந்தை ஊற்றினேன். இசக்கி துப்பாமல் விழுங்கினாள். அழக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

"நேத்து என்ன சாப்பிட்டா?" என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன். ஒரு மாதம் தாமதமாக.

"டீயும் பன்னும்."

"அதுக்கு முந்தின நாள்?"

"அதேதாம்மா. பகல்ல சமைக்க முடியாதுல்லா? பம்பு ஸ்டவ்வு அடிச்சா சத்தமா எரையுது, அவிய தூங்கணும். சாயங்காலம் அவிய போறப்பம் சோறாக்கி ரசம் வைப்பேன். அதுக்குள்ள பிள்ள தூங்கிருவா. கடைக்குப் போய் டீ வாங்கி பன்னு முக்கிக் குடுப்பேன். நல்லாத் திம்பா." ஊரிலிருந்து வந்த ஏழு மாதமும் இதுதான். அவள் எனக்குச் சொன்னது பொய்யில்லை. நல்லாத்தான் சாப்பிட்டிருக்கிறாள்.

அந்த மூடிய ஜன்னலுக்கு நேர் வெளியே மல்லிகாம்மாளின் முருங்கை மரம் நின்றது, கீரை முழுக்க வைட்டமின் ஏ. குடக்கூலிக்கு இருப்பவர்கள் அதில் கை வைக்கக் கூடாது என்பது காம்பவுண்ட் சட்டம்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டும் என்றதும் எல்லோரும் மல்லிகாம்மாளைப் பார்த்தார்கள். அம்மை இறங்காத குழந்தை வாசல் தாண்டுவது அங்கே நடக்காத காரியம். அவர் இசக்கியின் வலது கண்ணில் வழிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொம்பை எடுத்து வாசலில் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். நிலையிலிருந்த வேப்பிலையில் ஒரு கொத்தை உருவிக் குழந்தையின் துணிக்குள் செருகினார்.

"தூக்கினு போ. ஆத்தாவாண்ட நான் சொல்லிக்கிறேன். கேட்டா என்னயக் கேக்கட்டும்."

அந்த நேரத்தில் ஆட்டோ கிடையாது. ஊர் பஸ் ஏழரைக்குத்தான். ரோட்டில் ஆறு மணி கம்பெனி பஸ் வந்து நின்றது. வெளியாட்கள் ஏறக் கூடாத பஸ். சுடலைமுத்து குழந்தையைத் தோளில் சாய்த்து, துண்டால் முகத்தை மூடி ஏறினான். பின்னால் பேச்சியம்மாள், அவளுக்குப் பின்னால் நான். டிரைவர் வாயைத் திறக்கப் போனவர் வேப்பிலையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். உள்ளே இருந்த பையன்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து பின் சீட்டுகளுக்குப் போனார்கள். முன்னால் மூன்று வரிசை காலியானது.

ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் இறங்கினோம். ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பஸ் போயிற்று. சுடலைமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. கான்ட்ராக்ட் ஆள், சொல்லாமல் ஷிப்டுக்குப் போகாவிட்டால் மறுநாள் கேட்டில் பெயர் இருக்காது. அது எல்லோருக்கும் தெரியும்.

டாக்டர் பத்மாசனி சொன்னபடி அங்கேயே இருந்தார். டார்ச்சைக் காதுப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தார். இரண்டு கண்ணையும் பார்த்து முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. சொட்டு மருந்து விட்டு, அழுத்தாமல் கட்டுப் போட்டு, சென்னையில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு சுடலைமுத்துவிடம் நேராகச் சொன்னார்: "வலது கண்ணை நான் தர முடியாதுப்பா. இடது கண்ணுக்கு இன்னும் நேரம் இருக்கு. இன்னிக்கு விழுங்கின அந்த ஒரு கரண்டிதான் இப்போ அதுக்குத் துணை. நாளைக்கும் ஒரு கரண்டி. ரெண்டு வாரம் கழிச்சு இன்னொண்ணு."

அவர்கள் போன பிறகு நான் அவர் முன்னால் நின்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"பழைய வரியை அடிக்காதே. கிழிக்காதே. கீழே எழுது. முதல் கேள்விக்கும் மூணாவது கேள்விக்கும் இப்போ பதில் தெரியும் இல்லையா?"

எழுதினேன். பன், டீ. குடத்தில் முட்டிக்கொள்கிறது. எழுத்து கோணிக்கொண்டு போனது. அவர் படித்துவிட்டு, "மறுபடியும்" என்றார். படிக்கும்படி மறுபடியும் எழுதினேன். அழுகை வந்தது, அழுதேன். அவர் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை.

அடுத்து வந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. இரண்டாவது கரண்டியைச் சென்னையிலேயே கொடுத்துவிட்டார்கள். இடது கண்ணில் பளபளப்பு திரும்புகிறது என்று ஐந்தாம் நாள் டாக்டருக்குத் தகவல் வந்தது. அதை அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். நான் ஆஸ்பத்திரிக் கிணற்றடியில் போய் உட்கார்ந்து மூச்சு விட்டேன்.

பதினான்காம் நாள் சாயங்காலம் மூன்றாவது கரண்டியோடு வடக்குப்பட்டுக்குப் போனேன். குழந்தை முந்தின நாள்தான் வீடு திரும்பியிருந்தது. காம்பவுண்டுக்குள் நுழைந்ததும் முதலில் ஜன்னலைத்தான் பார்த்தேன். அட்டை இல்லை. சுடலைமுத்துவுக்கு அந்த வேலை போய்விட்டது. வேறொரு இடத்தில் பகல் ஷிப்ட் கேட்டிருந்தான், கிடைக்குமா என்று தெரியவில்லை. வாசலில் மல்லிகாம்மாள் முறம் நிறைய முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "ஆஞ்சி ஆஞ்சி கையி பச்சையாப் பூட்ச்சு" என்று அலுத்துக்கொண்டார். காம்பவுண்ட் சட்டத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

உள்ளே இசக்கி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணில் கருப்பு இருந்த இடத்தில் வெள்ளை படர்ந்திருந்தது. நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் வர நேரம் ஆனது. மருந்தைக் கொடுத்தேன். பிறகு விளக்கைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பொழுது சாயும்வரை காத்திருந்தேன். ஜன்னலில் வெளிச்சம் மங்கி, முறத்தில் கீரையின் பச்சை தெரியாமல் போனதும் உள்ளங்கையில் நாலு ஜீரக மிட்டாயை வைத்து நீட்டினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். ஆனால் வரவில்லை.

கொஞ்சம் அசைத்துக் காட்டினேன். அவள் பார்வை மிட்டாய் கூடவே நகர்ந்தது. அப்போதும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. கையை முன்னால் நீட்டினாள், எட்டவில்லை, மடக்கிக்கொண்டாள். அப்போதுதான் கீழே பார்த்தேன். அவள் கால் கட்டைவிரல் மஞ்சள் டேப்பைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. நான் கோட்டுக்கு இந்தப் பக்கம், டி.வி. இருந்த பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

பேச்சியம்மாள் என் அருகில் வந்து குனிந்தாள். அன்றைக்குப் புருஷன் தூங்கவில்லை, வீட்டிலேயே இல்லை. இருந்தும் பழக்கத்தில் கிசுகிசுத்தாள்.

"ஒங்கள்ட்ட கேக்காம எடுக்கப்படாதுன்னு அப்படியே விட்டுட்டோம்மா. இப்பம் எடுத்துரலாமா?"

மிட்டாயைத் தரையில் வைத்துவிட்டு மண்டி போட்டு அந்த டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பினேன். நன்றாக ஒட்டியிருந்தான். மிஷின் ஓடும் இடத்துக்கென்று செய்த டேப். துண்டு துண்டாகத்தான் வந்தது. ஒரு நகம் பிய்ந்தது. சுவரிலிருந்து சுவர் வரை முழுவதையும் உரித்து முடித்தேன். தரையில் பசை மட்டும் கோடாக நின்றது. அது போகாது என்று பேச்சியம்மாள் சொன்னாள்.

இசக்கி அந்தப் பசைக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, அதைத் தாண்டி வந்து, தரையில் கிடந்த நாலு மிட்டாயையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கினாள்.